தவணை முடிந்தும் எழும்பாத குடி

"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்பது வீட்டுச் சொந்தக்காரர் வாயில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும் பழமொழி. "கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாயிற்று" என்பது, அதே வீட்டில் உள்வாடகைக்கு இருந்து ஏமாந்தவர் பெருமூச்சோடு சொல்லும் பழமொழி. ஒரே வீடு, ஒரே கதவு, ஆனால் இரண்டு பழமொழிகள். கொழும்பிலே புதுக்கடை நீதிமன்ற வளவுக்கு ஒருநாட் காலையில் சென்று, அங்குள்ள நீண்ட விறாந்தைகளில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இவ்விரு பழமொழிகளையும் பேசும் முகங்கள் அருகருகே தென்படும்.

வீட்டை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையே எழும் வழக்கு நமக்குப் புதியதன்று. ஆனால் நடுவிலே ஒருவர் நின்று, தாம் குத்தகைக்கு எடுத்த வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்குக் கொடுத்துவிட்டு, குத்தகைத் தவணை முடியும் தருணத்தில் மெல்ல விலகிக்கொள்ளும்போது எழும் வழக்கு இருக்கிறதே, அது வேறு வகையானது. அங்கே எதிரெதிராக நிற்கும் இருவரும் ஒருவரோடொருவர் எந்த ஒப்பந்தமும் செய்தவர்கள் அல்லர். பெரும்பாலும் ஒருவர் முகத்தை மற்றவர் முன்பு கண்டதும் இல்லை. இருவருக்கும் தீங்கு செய்தவர் மூன்றாமவர். அவரோ அங்கே இருப்பதில்லை.

இந்த வாரம் இவ்விஷயத்தைப் பற்றியே வாசகர்களுடன் சிறிது பேசலாம் என எண்ணுகிறோம். வாடகை வீட்டிலே வாழும் குடும்பங்களுக்கும், ஊரை விட்டுக் கொழும்புக்குப் படிக்க வந்து அறையெடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும் என்பது நமது நம்பிக்கை.

ஒரு வீட்டின் கதை

சட்டத்தை வெறுமனே சொன்னால் அது மனத்தில் நில்லாது. ஆகவே, இத்தகைய வழக்குகள் பலவற்றில் காணப்படும் சாயலை ஒன்றாகக் கோத்து, ஒரு வீட்டின் கதையாகச் சொல்கிறோம். கதையில் வருபவர்களுக்குப் பெயரிடவில்லை. வாசகர்கள் தமக்குத் தெரிந்த முகங்களை அதிலே பொருத்திக்கொள்ளலாம்.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடி வைத்த ஒரு வீடு. சொந்தக்காரி வடமராட்சியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் உயிரோடிருந்த காலத்திற் கட்டிய வீடு அது. அவர் காலமான பின்னர், ஒரு வியாபாரிக்கு நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி, மூன்று வருடக் குத்தகைக்குக் கொடுத்தார். மாதம் ரூபா 65,000. தவணை ஏப்ரில் முதலாந் தேதி தொடங்கி, மூன்றாம் வருடம் மார்ச் 31ஆந் தேதி முடிவது. எழுத்து மூலமான சம்மதமின்றி வேறெவருக்கும் உள்வாடகைக்குக் கொடுக்கலாகாது என்ற வாசகமும் உறுதியிலே இருந்தது.

மூன்றாம் வருடத்து ஜூலை மாதத்தில் அந்த வியாபாரி தமக்கென ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிக்கொண்டார். கையிலிருந்த குத்தகை வீட்டை வெறுமனே விட மனம் வரவில்லை. புறக்கோட்டையில் ஒரு நிறுவனத்திற் கணக்காளராக வேலை செய்யும் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மாதம் ரூபா 80,000 வாடகைக்கு அதைக் கொடுத்தார். ஆறு மாத வாடகையாகிய ரூபா 480,000 முற்பணம். சாதாரண தாளொன்றில் முத்திரை ஒட்டி, இருவரும் கையொப்பம் வைத்தார்கள். அத்தாளில் எழுதப்பட்டிருந்த காலம் இரண்டு வருடம்.

கணக்காளர் வீட்டுச் சொந்தக்காரர் யாரென்று கேட்காமலில்லை. "அவ ஊரிலே இருக்கிறா. எல்லாம் என்னுடைய பொறுப்புத்தான். நீங்கள் ஒன்றுக்கும் யோசியாதையுங்கோ," என்று பதில் வந்தது. வீடு பிடித்திருந்தது. மூத்த பெண் உயர்தர வகுப்பிலே படிப்பவள். பாடசாலை பக்கத்தில் இருந்தது. யோசியாமலே விட்டுவிட்டார்.

பெப்ரவரியில் அந்த வியாபாரி, மார்ச் முடியவுள்ள வாடகையையும் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில், வீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் ஆசிரியை கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மகன் கொழும்புக்கு மாற்றலாகி வந்து, இரண்டு கைக்குழந்தைகளுடன் வேறொருவர் வீட்டிலே வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டின் படலையைத் திறந்த ஆசிரியை, முற்றத்துக் கொடியிலே முன்பின் அறியாத பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகள் காய்வதைக் கண்டு திகைத்து நின்றார்.

ஒன்பது மாதமும் இருபத்துநான்கு மாதமும்

இந்த இடத்திலே வாசகர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜூலை முதலாந் தேதி உள்வாடகைக்குக் கொடுத்தபோது அந்த வியாபாரியின் கையில் எஞ்சியிருந்த காலம் எவ்வளவு? ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம். அவர் விற்றதோ இருபத்துநான்கு மாதம். தம்மிடம் இல்லாத பதினைந்து மாதத்தை அவர் எங்கிருந்து கொடுத்தார்?

எவரும் தம்மிடமுள்ள உரிமைக்கு மேலான உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது, நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. குத்தகைக்காரரின் உரிமை என்ற கொம்பிலே படர்ந்த கொடிதான் உபவாடகைக்காரரின் உரிமை. கொம்பு விழுந்தால் கொடியும் விழும். தவணை முடிந்து முதற்குத்தகை அற்றுப்போகும்போது, உபவாடகைக்காரர் மாதந்தவறாது வாடகை கட்டியவராயினும், வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருப்பவராயினும், சொந்தக்காரருக்கு எதிராகத் தங்கியிருக்கும் உரிமை பொதுவாக அவருக்கு இல்லை.

பொதுச் சட்டத்தின்படி, உறுதியிலே தடையில்லாவிடில் நகரத்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்குக் கொடுக்கலாம். நமது கதையிலோ தடை இருந்தது. அதாவது, தவணை முடியுமுன்னரே இந்த உள்வாடகை சொந்தக்காரியைக் கட்டுப்படுத்தாத ஒன்றாகவே தொடங்கியது.

இன்னுமொன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு நிலத்தையோ வீட்டையோ குத்தகைக்குக் கொடுப்பதாயின், அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது அதன் விதி. முத்திரை ஒட்டிய சாதாரண தாள், எவ்வளவு அழகான எழுத்தில் இருந்தாலும், "இரண்டு வருடம்" என்ற சொல்லுக்கு வலுக் கொடாது. அத்தகைய தாளின் பேரில் வீட்டிலே இருந்து மாதா மாதம் வாடகை கொடுத்து வருபவரைச் சட்டம் மாத வாடகைக்காரராகவே கருதும். ஆகவே கணக்காளர் கையிலிருந்த தாள், முதற்குத்தகை இன்னும் பத்து வருடம் நீடித்திருந்தாலுங்கூட, அவர் நம்பிய அந்த இரண்டு வருடத்தை அவருக்கு உறுதிப்படுத்தியிராது.

கடித உறை

ஆசிரியை படலையில் நின்ற அன்று நடந்ததை இனிச் சொல்வோம். கணக்காளரின் மனைவி அவரை உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, நிலைமையை அறிந்ததும் நிலைகுலைந்து போனார். பின்பு அலுமாரியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து வந்து நீட்டினார்.

"ரீச்சர், இந்த மாதத்து வாடகை. எண்பதினாயிரம் இருக்குது. எண்ணிப் பாருங்கோ. நாங்கள் ஒரு சதமும் ஆருக்கும் கடன் வைக்கேல்லை."

ஆசிரியை உறையைப் பார்த்தார், கையை நீட்டினார், பின் மடக்கிக்கொண்டார்.

"பிள்ளை, நான் இதை வாங்கலாமோ எண்டு எனக்குத் தெரியாது. கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

அந்தக் கையை மடக்கியதுதான் அவர் செய்தவற்றுள் மிகப் புத்தியான காரியம். தவணை முடிந்த பின்னரும் ஒருவர் வீட்டிலே தொடர்ந்திருக்க, அதைச் சொந்தக்காரர் மறுக்காமல், வாடகை என்றே பணத்தைப் பெற்று வருவாரானால், இருவரும் பேசாமற் பேசிப் புதியதொரு வாடகை உறவை ஏற்படுத்திக்கொண்டார்கள் எனச் சட்டம் கருத இடமுண்டு. அப்படி ஏற்பட்டால் அது பொதுவாக மாத வாடகையாகவே அமையும். அதனை முடிப்பதற்கு ஒரு முழு மாத முன்னறிவித்தல் வேண்டும். அதுவரை "தவணை முடிந்தும் எழும்பாத குடி" என்று சொல்லப்பட்டவர், "நான் உங்களுடைய வாடகைக்காரன்" என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிடுவார்.

அதற்காகத் தவணை கடந்து இருப்பவர் இலவசமாக இருக்கலாம் என்பதில்லை. இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் சொந்தக்காரர் நட்டஈடு கேட்கலாம். பணத்தைப் பெறுவதாயின், அது வாடகையன்று, இடத்தைப் பயன்படுத்தியதற்கான நட்டஈடே என்றும், தமது உரிமைகளுக்குப் பங்கமின்றியே பெறுவதாகவும் எழுத்திலே தெளிவுபடுத்திப் பெறுதல் வேண்டும். ஒரு சிறு பற்றுச்சீட்டில் எழுதப்படும் ஒரு சொல், பின்னர் இரண்டு மூன்று வருட வழக்கைத் தீர்மானித்துவிடலாம்.

பூட்டும் தண்ணீர்க் குழாயும்

உறவினர் பலர் ஆசிரியைக்குப் பலவிதமாகப் புத்தி சொன்னார்கள். "தண்ணீரை வெட்டிவிடுங்கோ, தானாய்ப் போவினம்," என்றார் ஒருவர். "அவர்கள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுங்கோ," என்றார் வேறொருவர். தெருவிலே நாலு பேரைக் கூட்டிப் போய்ச் சாமான்களை வெளியே வைப்பதற்கு ஆள் பிடித்துத் தருவதாகவும் ஒருவர் முன்வந்தார்.

சொந்த வீடுதானே, யார் கேட்பது என்ற எண்ணம் நம்மிற் பலரிடம் உண்டு. அது பெருந் தவறு. வீடு நம்முடையதாயிருப்பது வேறு. அதிலே இப்போது குடியிருப்பவரை நம் கையாலேயே வெளியேற்றுவது வேறு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் இதற்கென ஒரு வழியை வகுத்திருக்கின்றது. காணி அல்லது வீடு பற்றிய பிணக்கினால் அமைதி குலையக்கூடும் என்று கண்டால், பொலிசார் அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். நீதிமன்றம் அங்கே விசாரிப்பது சொந்தக்காரர் யார் என்பதையன்று; அறிவித்த நாளிலே உடைமையில் இருந்தவர் யார் என்பதையே. அந்நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே இருத்தும்படி கட்டளையிடவும் அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இதன் பொருள் என்ன? பூட்டை மாற்றிய சொந்தக்காரி, வீட்டுரிமை முழுவதும் தம்மிடமே இருந்தும், நீதிமன்றக் கட்டளையினால் அதே குடும்பத்துக்கு மீண்டும் கதவைத் திறந்துவிட நேரலாம். நியாயம் தம் பக்கம் இருந்தவர், ஒருநாட் கோபத்தினால் குற்றவாளிக் கூண்டின் அருகே போய் நிற்பார். ஆசிரியை தண்ணீர்க் குழாயில் கை வைக்கவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர் அல்லவா, கோபத்தை அடக்கத் தெரிந்திருந்தது.

வழக்கு நடக்கும் விதம்

தவணை முடிந்த குத்தகைக்காரரை எழுப்புவதற்கான வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலே தொடரப்படும். வழக்கு முதலாவதாகக் குத்தகைக்காரருக்கு எதிரானது. உள்ளே இருக்கும் உபவாடகைக்காரரையும் எதிராளியாகச் சேர்ப்பது பின்னர் வரும் சிக்கல்களைக் குறைக்கும். தீர்ப்புக் கிடைத்தபின், நீதிமன்றத்தின் நிறைவேற்றுக் கட்டளையுடன் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்து, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்களை வெளியேற்றி வீட்டைச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பார். குத்தகைக்காரரின் உரிமையை மாத்திரம் பற்றிக்கொண்டு உள்ளே இருப்பவர், பிஸ்காலைத் தடுத்துத் தமக்குத் தனியுரிமை உண்டென்று நிலைநாட்டுவது அரிது.

சிலர் வழக்கின் நடுவே, "இந்த அம்மாதான் சொந்தக்காரி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பதுண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அந்த வாயை அடைக்கின்றது. ஒருவரிடமிருந்து வீட்டைப் பெற்று அதிலே குடியிருப்பவரும், அவர் மூலமாக உரிமை கோருபவரும், குடியிருப்புத் தொடங்கியபோது கொடுத்தவருக்கு உரிமை இருந்தது என்பதை அந்தக் குடியிருப்பு நீடிக்கையில் மறுத்துரைக்க இயலாது. அவ்வாறே, "பத்து வருடமாக இருக்கிறேன், வீடு எனக்கே" என்று ஆட்சியுரிமை பேசுவதும் செல்லாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லும் பத்து வருட ஆட்சி, சொந்தக்காரருக்கு எதிரான ஆட்சியாக இருத்தல் வேண்டும். பிறர் உரிமையை ஏற்று வாடகை கொடுத்திருந்த காலம் அக்கணக்கிற் சேராது.

இவ்வழக்குகள் நெடுங்காலம் இழுபடுவதே சொந்தக்காரர்களின் பெருங் குறையாக இருந்து வந்தது. அதனாலேயே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமாக, குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீட்பதற்கான தனிச் சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. குத்தகை முடிந்த பின்னரும் இடத்தை விடாதவர்களிடமிருந்து அதைச் சுருக்கமான நடைமுறையில் மீட்பதே அதன் நோக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடகைக்காரருக்குச் சட்டம் எப்போதும் கண்மூடியிருந்ததில்லை. யுத்த காலத்தில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வீடுகள் அருகி, கேட்ட வாடகையைக் கொடுக்க மாட்டாதவர் தெருவில் நிற்கும் நிலை வராமற் காப்பதே அதன் கருத்து. அதன்பின் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வீட்டிலே, தவணை முடிந்தது என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாடகைக்காரரை எழுப்ப முடியாது. சட்டம் குறித்த காரணங்களுள் ஒன்று இருத்தல் வேண்டும். ஆனால் அந்தச் சட்டமும், சொந்தக்காரரின் எழுத்து மூலமான முன்சம்மதமின்றி உள்வாடகைக்குக் கொடுப்பதைத் தடுத்து, மீறினால் வாடகைக்காரரையும் உபவாடகைக்காரரையும் எழுப்புவதற்கு வழி செய்திருக்கின்றது. நமது கதையில் வரும் வீடு அச்சட்டத்துக்கு உட்படாதது. தங்கள் வீடு உட்பட்டதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் சட்டத்தரணியிடம் கேட்டே அறிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

கொழும்பிலே ஒரு குடும்பத்தின் வீட்டில் அறையொன்றிலே தங்கி, அவர்கள் சமையலிற் சாப்பிட்டுப் படிக்கும் மாணவரும் உபவாடகைக்காரரா? 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. வீட்டின் ஒரு பகுதி உள்வாடகைக்கு விடப்பட்டதாகக் கொள்ளப்படுவதற்கு, அது வரையறுக்கப்பட்ட தனிப்பகுதியாக இருக்க வேண்டும். வாடகை கொடுப்பவர் ஒருவரே அதனைத் தனித்து அனுபவிக்க வேண்டும். கொடுத்தவர் அப்பகுதியின் மீதுள்ள கட்டுப்பாட்டை விட்டிருக்க வேண்டும். அறையொன்றைப் பாவிக்க அனுமதிக்கப்பட்டார் என்ற ஒன்றினால் மாத்திரம் எவரும் உபவாடகைக்காரர் ஆகிவிட மாட்டார்.

ஆகவே, கூடத்தினூடாக நடந்து அறைக்குப் போய், வீட்டுக்காரம்மா நினைத்த நேரம் கதவைத் தட்டி உள்ளே வரும் இடத்தில் "போடிங்" இருக்கும் மாணவர் ஒருவகை. தனிப் படலையும் தனித் திறப்பும் தனிக் குசினியுமாக உள்ள "அனெக்ஸ்" ஒன்றை நாலு பேராகச் சேர்ந்து எடுத்திருப்பவர்கள் வேறுவகை. இரண்டாம் வகையினர், தமக்குக் கொடுத்தவர் வீட்டுச் சொந்தக்காரரா, அல்லது அவரும் குத்தகைக்காரரா என்பதை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரத்திலே புத்தகங்களையும் மெத்தையையும் முச்சக்கர வண்டியில் ஏற்றித் திரியும் நிலை எந்த மாணவருக்கும் வரலாகாது.

கதை முடிந்த விதம்

ஆசிரியை ஜூன் மாதத்திலே வழக்குத் தொடர்ந்தார். கணக்காளரும் ஒரு சட்டத்தரணியிடம் போனார். தவணை முடிந்ததையும், தடையை மீறி உள்வாடகை கொடுக்கப்பட்டதையும் பார்த்த அந்தச் சட்டத்தரணி, "வழக்கை நீட்டலாம்; வெல்ல முடியாது. நீட்டும் ஒவ்வொரு மாதமும் நட்டஈட்டுக் கணக்கு ஏறும்," என்று ஒளிக்காமற் சொல்லிவிட்டார். இப்படி உண்மை பேசும் சட்டத்தரணி கிடைப்பதும் ஒரு பாக்கியமே.

அதன்பின் இரு பகுதியாரும் பேசினார்கள். வெளிப்புறமாக மாடிக்கு ஏறும் படிக்கட்டு ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அந்தப் படிக்கட்டே வழக்கைத் தீர்த்து வைத்தது எனலாம். கணக்காளர் குடும்பம் மேல் மாடிக்கு ஒதுங்கிக்கொள்வது. கீழ் வீட்டை ஆசிரியையின் மகன் உடனே எடுத்துக்கொள்வது. மூத்த பெண்ணின் உயர்தரப் பரீட்சை முடிந்து, அடுத்த மாத இறுதியில் மாடியையும் ஒப்படைப்பது. அதுவரை மாதம் ரூபா 40,000 நட்டஈடாகக் கொடுப்பது. குறித்த நாளிலே போகாவிடில், மேலும் விசாரணையின்றி நிறைவேற்றுக் கட்டளை பெறலாம் என்பது. இவ்வளவும் நீதிமன்றத்திலே இணக்கத் தீர்ப்பாகப் பதியப்பட்டன. வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் ஆசிரியைக்கு நிம்மதி இருந்திராது. பதிவு இல்லாதிருந்தால் கணக்காளருக்கும் பாதுகாப்பு இருந்திராது.

அந்த மாதங்களில் மேல் மாடியிலே அந்தப் பெண் இரவு பதினொரு மணி வரை படிப்பாள். கீழே குழந்தைகள் அழும் சத்தம் கேட்கும். ஆசிரியை கொழும்புக்கு வந்து நிற்கும் நாட்களில், மாலையிலே படியேறிப் போய் அவளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்தார். குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்பாகவே கணக்காளர் திறப்பைக் கையிலே கொடுத்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் அந்த ரூபா 480,000 திரும்பி வரவில்லை. கொடுத்த இடத்திலே குடியிருக்கும் உரிமையைக் காத்துக் கொடுக்கத் தவறியவர் முற்பணத்தையும் நட்டத்தையும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவரே. சட்டம் கணக்காளரின் பக்கமே நிற்கின்றது. கடலுக்கு அப்பால், விலாசம் தெரியாத இடத்திலிருப்பவருக்கு அழைப்பாணையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

உள்ளே போகுமுன் பார்க்க வேண்டியவை

உள்வாடகைக்கு வீடு எடுப்பவர் ஒரு சதத்தையும் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்றேயாம். முதலாவது, மேலுள்ள குத்தகை உறுதி. அதன் பிரதியை முழுவதும் வாசிக்க வேண்டும். தவணை எந்த நாளில் முடிகிறது, உள்வாடகைக்குத் தடை உண்டா என்பவற்றைக் கண்ணாற் காண வேண்டும். பிரதியைக் காட்ட மறுப்பவரிடம் வீடு எடுக்கலாகாது. உறுதி பதியப்பட்டதாயின் காணிப் பதிவகத்திலும் தேடிப் பார்க்கலாம். இரண்டாவது, வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம். "எல்லாம் என்னுடைய பொறுப்பு" என்ற வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. மூன்றாவது, தமக்கு எழுதித் தரப்படும் காலம் மேலுள்ள குத்தகையின் எஞ்சிய காலத்துக்கு உட்பட்டதா என்ற சிறு கழித்தற் கணக்கு. அது ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலமாயின் நொத்தாரிசு உறுதியாகவே எழுதுவித்தல் வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கும் சொல்ல இரண்டு உண்டு. குத்தகைக்குக் கொடுத்த வீட்டை வருடத்திற்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அந்த ஆசிரியை ஜூலைக்குப் பின்னர் ஒருமுறை வந்திருந்தால், கொடியிற் காய்ந்த சட்டைகள் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கும். தவணை முடிய மூன்று மாதம் இருக்கையிலேயே, வீட்டைத் திரும்பப் பெறும் எண்ணத்தை எழுத்திலே அறிவித்துவிடுங்கள்.

வழக்குக்குப் பணமில்லையே என்று எவரும் மனமுடைய வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதி குறைந்தவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் அளிக்கின்றது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபைகளும், பகை முற்றுமுன் இரு தரத்தாரையும் ஒரு மேசையில் இருத்திப் பேசவைக்க உதவுகின்றன.

கணக்காளர் குடும்பம் இப்போது தெகிவளையிலே வேறொரு வீட்டில் இருக்கின்றது. அந்த வீட்டை எடுக்கப் போன அன்று, அவர் மூத்த பெண்ணையும் கூட்டிச் சென்றார். வீட்டுக்காரர் உறுதியின் பிரதியை நீட்ட, தகப்பன் அதைப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை முதல் வரியிலிருந்து கடைசிக் கையொப்பம் வரை நிறுத்தி நிதானமாக உரத்து வாசித்தாள். தவணை முடியும் தேதி வந்த இடத்திலே நிறுத்தி, விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள். அதன் பிறகுதான் தகப்பன் பணப்பையைத் திறந்தார்.